25 வயதுக்கு மேல் கணக்கு ஏறாதா? யார் சொன்னது?

"25 வயதோடு மூளை வளர்ச்சி நின்றுவிடும், அதற்கப்புறம் கணிதம் ஏறாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கணிதத்தின் பெரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம்கூட 40 வயதுக்குள்தானே என்று ஆதாரம் வேறு. தவறு. அது பரிசின் விதி, மூளையின் விதி அல்ல.

ஜார்ஜ் கிரீன் என்ற ஆங்கிலேயர் அப்பாவின் மாவு மில்லில் வேலை பார்த்தபடியே பெரும்பாலும் தானாகப் படித்து, மின்சாரம், காந்தம் பற்றிய கணிதக் கட்டுரையை 1828-ல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்ததே 40 வயதில்தான். பள்ளிக் கணிதத்தோடு நின்ற அமெரிக்க இல்லத்தரசி மார்ஜரி ரைஸ், 50 வயதைத் தாண்டியபின், இடைவெளியில்லாமல் தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புது வகைகளைக் கண்டுபிடித்தார்.

பெரியவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நேராகக் கால்குலஸ் புத்தகத்தைத் திறப்பார்கள், சில பக்கங்களிலேயே நின்றுவிடுவார்கள், பழி வயதின் மேல் விழும். ஆனால் பல நேரம் தடுப்பது 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் ஏன் 2/5 வராது என்ற பழைய ஓட்டைதான். (2/5 அரையைவிடக் குறைவு, கூட்டினால் குறையுமா? விடை 5/6.) கௌரவம் பார்க்காமல் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அப்புறம், பின்பக்கத்தில் விடைகள் இருக்கிற புத்தகமாகப் பார்த்து எடுங்கள், திருத்திக் கொடுக்க ஆசிரியர் பக்கத்தில் இல்லையே.