கனவுக்கு அடைமொழி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் ஒரு தங்கை வாசித்த கதையின் கனவுப் பகுதியிலிருந்து ஓர் அடைமொழியை வெட்டச் சொன்னார் மூத்த எழுத்தாளர் ஒருவர். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதன்பின் வந்த பதிவுகளில் பெரும்பாலானவை "மூத்தவர் சொன்னதில் என்ன தவறு" என்ற தொனியில் இருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கனவை எழுதும்போது அடைமொழியே கூடாது என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் தன் கனவுகளைக்கூடக் கவனித்ததில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

அந்தத் தங்கையின் கதையில், இறந்துபோன பாட்டி கனவில் திண்ணைக்கு வந்து, பேத்தியிடம் "சுடுகிற காலி டம்ளர்" ஒன்றை நீட்டுகிறாள். காலி டம்ளர் எப்படியம்மா சுடும் என்று கேட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, "சுடுகிற" என்பதை அடிக்கச் சொன்னார் அவர். காபியும் இல்லை, பாட்டியும் இல்லை, சூடு மட்டும் கையில் நிற்கிறது என்பதுதான் ஐயா அந்தக் கனவு. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பேத்தியின் கையில் மிஞ்சுவது வெறும் பாத்திரம்.

விசித்திரமான கனவு, மர்மமான வீடு, பயங்கரமான இருட்டு என்று எழுதியிருந்தால் நானே முதல் ஆளாக அடிக்கச் சொல்லியிருப்பேன். அவையெல்லாம் விழித்தெழுந்து முகம் கழுவிய பிறகு கனவுக்குப் போடும் மதிப்பெண்கள். கனவுக்குள் இருக்கும்போது, செத்தவர் வந்து உட்காருவதோ வீட்டுக் கூடத்தில் கடல் இருப்பதோ யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. அந்தக் கடல் நீர் காலில் வெதுவெதுப்பாக இருந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது. ஆகவே கனவுக்கான அடைமொழி, கனவு கண்டவரின் கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் வர வேண்டும். தங்கையின் சொல் அப்படி வந்த சொல்.

என் அம்மா காய் நறுக்கிக்கொண்டே முந்தைய இரவின் கனவைச் சொல்வாள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உறுதியாக நம்பியவள். ஒருநாள் பல் விழுந்ததாகக் கனவு கண்டிருந்தாள். பல் விழுந்தால் வீட்டில் சாவு விழும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆனாலும் அவள் கெட்ட கனவு என்றோ பயமாக இருந்தது என்றோ சொல்லவில்லை. "உள்ளங்கையில துப்பிப் பாத்தேன், வெள்ளைவெளேர்னு, ரத்தமே ஒட்டாத பல்லு" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவளுக்கு எந்தப் பட்டறையிலும் யாரும் கதை எழுதச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எந்த இடத்தில் அடைமொழி வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உடனே மார்க் ட்வெய்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். அடைமொழியைப் பிடித்தால் கொன்றுவிடு என்று அவர் 1880இல் ஒரு பள்ளிச் சிறுவனுக்குக் கடிதம் எழுதியது உண்மை. எல்லாவற்றையும் அல்ல, பெரும்பாலானவற்றைக் கொல், அப்போதுதான் மிஞ்சுபவற்றுக்கு மதிப்பு வரும் என்று அதே கடிதத்தில் தொடர்வதும் உண்மை. மேற்கோளின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுபவர்களிடம் என்ன பேசுவது?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவை எவ்வளவு எளிமையாகச் சொல்கிறாள் பாருங்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பார்த்தேன். கணவன் கைப்பிடித்து அழைத்துப் போக, ஓர் "பெரும்பதி"க்குள் நுழைந்ததாகத்தான் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். அது மதுரை என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. புகாரில் பிறந்து வளர்ந்தவளுக்கே பெரிதாகத் தெரிந்த ஊர் என்பது மட்டுமே கனவு அவளுக்குக் கொடுத்த அடையாளம். அங்கே "பெரும்" என்பதை அடித்துவிடலாமா? ஆண்டாள் "வாரணமாயிரம்" பாசுரங்களில் கண்ட கல்யாணக் கனவில் ஊதுவது வெறும் சங்கம் அல்ல, "வரிசங்கம்". சங்கில் ஓடிய வரி வரைக்கும் கனவில் பார்த்தவளிடம், மத்தளம் கொட்டுகிற சந்தடியில் வரி உன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று நம் மூத்தவர் கேட்டிருப்பார் போலும்.

"சுடுகிற" என்பது வினையிலிருந்து பிறந்து பெயருக்கு முன் நிற்கும் பெயரெச்சம், அடைமொழி என்று பொதுவாகச் சொல்வது இலக்கணப் பிழை என்று ஒருவர் கிளம்புவார். நன்றி, நன்னூலை நானும் புரட்டியிருக்கிறேன். வெட்டச் சொன்னவர் பெயரெச்சம் என்பதற்காக வெட்டச் சொல்லவில்லை.

அனுபவசாலிகள் நல்லதுக்குத்தான் சொல்வார்கள் என்பதும் எனக்குப் பழக்கமான வாதம். என் முதல் தொகுப்புக்கு "அலங்கார மொழி" என்ற இரண்டே சொற்களில் மதிப்புரையை முடித்துக்கொண்டதும் இதே வட்டம்தான். அந்த இரண்டில் முதலாவது அடைமொழி என்பது எழுதியவருக்கும் தோன்றவில்லை, வெளியிட்டவருக்கும் தோன்றவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பெண் தலையைக் குனிந்து, பேனாவால் அந்தச் சொல்லின் மேல் ஒரு முறைக்கு மேல் கோடு இழுத்ததைப் பார்த்தபோது, மறக்கவில்லை என்று தெரிந்தது.

இதே பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் அணிந்துரைகளைப் படித்துப் பாருங்கள். "மகத்தான", "ஒப்பற்ற", "அசாத்தியமான", "தவிர்க்கவே முடியாத" என்று பத்திக்குப் பத்தி வந்து நிற்கும். அங்கே யாரும் பேனாவை எடுப்பதில்லை. அவையெல்லாம் எந்தக் கனவில் கண்டவை என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லிவிட வேண்டாம், எனக்கு அழைப்பு வருவதே இனிச் சந்தேகம்.