ஓய்வு வயதை உயர்த்தலாம், முழங்காலை என்ன செய்வது?

"முதியோர் பெருகிவிட்டார்கள், உழைக்கும் கைகள் குறைந்துவிட்டன, ஓய்வு வயதைத் தள்ளிப்போடுங்கள்." எந்த நாட்டு விவாதத்தைக் கேட்டாலும் பேச்சு இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அது எனக்குக் கோபத்தையே தருகிறது.

கைகள் குறைவது உண்மைதான். ஜப்பானில் 15 முதல் 64 வயதுவரை உள்ளவர்கள் 1995 வாக்கில் சுமார் 8.7 கோடி பேர் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ 7.4 கோடி. தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். சீனா 2025 ஜனவரி முதல் ஆண்களின் ஓய்வு வயதை 60இலிருந்து 63க்குப் படிப்படியாக உயர்த்தி வருகிறது.

சட்டத்தில் எண்ணை மாற்றுவது எளிது. மேசையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்குக் கூடுதலாக மூன்று ஆண்டுகள் பெரிய விஷயமில்லை. நாற்பது ஆண்டுகளாகச் சாரம் ஏறி இறங்கிய கொத்தனாரின் முழங்காலுக்கு? இருவருக்கும் ஒரே எண்ணை எழுதுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வேலையை மாற்றிப் பாருங்கள். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரின் பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007இல் அதைத்தான் செய்தார்கள். ஓர் உற்பத்திப் பிரிவில் வேண்டுமென்றே மூத்தவர்களை அதிகமாக அமர்த்தினார்கள். சராசரி வயது 47. எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். நாள் முழுக்க நிற்கும் கால்களுக்காக மரத்தரை வந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு நாற்காலி, நுண்ணிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு கூடியது. மரப்பலகைக்கு ஆன செலவுதானே இது! ஏன் மற்றவர்கள் கேட்கக்கூட மாட்டேன் என்கிறார்கள்?

பேச்சில் வராத இழப்பு இன்னொன்று உண்டு. பெற்றோர் முதலிய குடும்பத்தினரைப் பராமரிப்பதற்காக ஜப்பானில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். 'கைகோ ரிஷோக்கு' என்று அதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் தொழிலில் கைதேர்ந்த நடுவயதினர். தந்தை ஓய்வு பெறும்போது ஒரு கை போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் மகளின் கையும் போகிறது. முதல் கையைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் இரண்டாவதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓய்வு வயதை உயர்த்தும் மசோதா எங்கே வந்தாலும், பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.