அம்மா கையில் ஒரு நாடா

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு ஆப்பிரிக்கக் குழந்தை. கண்ணோரத்தில் ஈ. கீழே வங்கிக் கணக்கு எண். பெரியம்மா உடனே 500 ரூபாய் போட்டுவிட்டு, "நீ அங்கேயெல்லாம் வேலை பாத்தவதானே, இது சரியான இடம்தானான்னு பாத்துச் சொல்லும்மா" என்று என்னிடம் கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ். நைஜர் நாட்டின் தெற்கே, நைஜீரியா எல்லையை ஒட்டிய சிண்டர் பகுதியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊட்டச்சத்து மையத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் மனசில் பட்டது, அதில் அம்மா இல்லை. இந்த மாதிரிப் படங்களில் அவள் இருப்பதே இல்லை. நான் அங்கே தூக்கிப் பார்த்த ஒவ்வொரு குழந்தையையும் ஒருத்தி கொண்டுவந்திருந்தாள். விடியும் முன் கிளம்பி, முதுகில் துணியால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, மணலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருப்பாள்.

அந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு அந்நியம் இல்லை. கம்புதான். சொல்லப்போனால் கம்பு நமக்கே அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சஹாராவின் தென்விளிம்பில் முதலில் பயிராகி, சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னால் இந்தியா வந்து சேர்ந்த தானியம். அங்கே வருஷத்துக்கு ஒரே மழை, ஒரே வெள்ளாமை. செப்டம்பர், அக்டோபரில் அறுத்துக் குதிரில் போட்டால் அடுத்த அறுவடை வரைக்கும் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வராது. ஜூனில் குதிரின் அடி தெரிய ஆரம்பிக்கும்போது சந்தையில் கம்பு விலை ஏறிவிடும். பல வீடுகளில் ஆண்கள் கூலி தேடி நைஜீரியாப் பக்கம் போயிருப்பார்கள். அதே மழையோடு மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வரும். அந்த மாதங்களில் பால் கலக்காத தண்ணிக்கூழ்தான் குழந்தைக்கு.

நம்மூரில் 'சவலைப் பிள்ளை' என்று சொல்வார்களே, அடுத்தது வயிற்றில் தங்கியதும் தாய்ப்பால் நின்றுபோய் இளைக்கும் பிள்ளை. கானாவின் கா மொழியில் அதற்கு அப்படியே ஒரு சொல் உண்டு, குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள். ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் அங்கே வேலை பார்த்தபோது, அந்தப் பெண்கள் சொன்ன பெயரையே மருத்துவ உலகத்துக்கும் எழுதிவைத்தார். இன்றும் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர்தான். நோயை முதலில் கண்டு பெயர் வைத்தவர்கள் அம்மாக்கள். இது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் வைத்தியம் மட்டும் ரொம்ப காலத்துக்கு அவர்கள் கைக்கு வரவில்லை. தீவிர ஊட்டக்குறைவு என்றால் வார்டில் சேர்க்க வேண்டும், சத்துப் பால்பொடியைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து நர்ஸ்தான் கொடுக்க வேண்டும். கரைத்த பால் அந்த வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. அம்மா வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டில் மற்ற நாலு பிள்ளைகளை யார் பார்ப்பது? விதைப்பு என்னாவது? பாதியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள்.

1990களின் நடுவில் ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு மருத்துவரும் நியூட்ரிசெட் என்ற பிரெஞ்சு உணவு நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் அந்தப் பாலில் பால்பொடியைக் குறைத்து நிலக்கடலை விழுதைச் சேர்த்தார்கள். சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்பு. தண்ணீர் கிடையாது, அதனால் கிருமி வளராது. ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. கையால் பிசைந்துவிட்டு மூலையைக் கிழித்தால் குழந்தை உறிஞ்சியே சாப்பிட்டுவிடும். 2000ல் எத்தியோப்பியாவில் ஸ்டீவ் காலின்ஸ் என்ற மருத்துவரின் குழு இந்தப் பசையை அம்மாக்களிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தது. 2005 நைஜர் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதே முறையில் 60,000 பிள்ளைகளுக்கும் மேல் சிகிச்சை கொடுத்தது, மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். 2007ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஏற்று அறிவித்தன.

எல்லாரும் அந்தப் பசையைத்தான் அதிசயம் என்பார்கள். பசை நல்லதுதான். என்னைக் கேட்டால், 'இந்த அம்மா தன் பிள்ளையைத் தானே தேற்றிவிடுவாள்' என்று ஒருவர் துணிந்து நம்பினாரே, அதுதான் பெரிசு.

ஒரு நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் போட்ட பிளாஸ்டிக் நாடா. பிள்ளையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி, இறுக்காமல் பிடித்துப் பார்க்க வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. பழைய பெரிய டார்ச் லைட் பேட்டரி இருக்கிறதல்லவா, அதைவிடக் கொஞ்சம்தான் பருமன். சிவப்பு காட்டும் இரண்டு வயசுப் பிள்ளையின் கை அவ்வளவுதான் இருக்கும். பிறகு இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்த வேண்டும். விரலை எடுத்தும் குழி அப்படியே நின்றால் அது சத்தில்லாத வீக்கம், நாடா பச்சை காட்டினாலும் ஆபத்து.

சிண்டரின் மிர்ரியா மாவட்டத்தில் இந்த நாடாவை அலிமா என்ற அமைப்பு அம்மாக்களிடமே கொடுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் அளந்த கிராமங்களோடு ஒப்பிட்டால் அம்மாக்கள் கொஞ்சமும் குறைவில்லை. பிள்ளை ரொம்ப இளைக்கும் முன்பே கொண்டுவந்துவிட்டார்கள், வார்டில் சேர்க்க வேண்டியவர்களும் குறைந்தார்கள். ஒரு தடவை எங்கள் மையத்துக்கு ஒருத்தி தன் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிவந்தாள். இடுப்புத் துணியின் முனையில் முடிந்துவைத்திருந்த நாடாவை அவிழ்த்து, நான் தொடும் முன் அவளே அந்தப் பிள்ளை கையில் சுற்றிச் சிவப்பைக் காட்டினாள்.

எனக்கு இன்னும் உறுத்தும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு பிள்ளை இரண்டு வாரமாக எடை ஏறவில்லை. பாக்கெட்டெல்லாம் எங்கே போகிறது என்று அம்மாவைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஹவுசா மொழியில் மெதுவாகச் சொன்னதை மொழிபெயர்ப்பவர் எனக்குச் சொன்னார்: "மூத்தது பக்கத்தில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கு. இதுக்கு மட்டும் எப்படி ஊட்டுவேன்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பசை ஒரு பிள்ளைக்கு, பசி வீட்டுக்கே. மருந்துப் பாக்கெட்டோடு வீட்டுக்கும் தானியம், எண்ணெய், பருப்பு கொடுத்தால்தான் அந்தப் பாக்கெட் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். இது தெரிந்தும், பணம் குறையும்போது பல இடங்களில் முதலில் வெட்டுவது அந்தக் குடும்ப ரேஷனைத்தான். எனக்கு இதில் கோபம் உண்டு.

இன்னொரு ஆதங்கம். நைஜர் ஒரு காலத்தில் நிலக்கடலை விளைந்து குவிந்த நாடு. 1960களில் அதன் முக்கிய ஏற்றுமதியே கடலைதான், பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. பிறகு வந்த நீண்ட வறட்சியில் அந்த வியாபாரம் சரிந்தது. அந்த மண்ணின் பிள்ளைக்கு வேறொரு கண்டத்தில் அரைத்த கடலை விழுது கப்பலிலும் லாரியிலும் வர வேண்டியிருக்கிறது. இப்போது தலைநகர் நியாமியிலேயே ஒரு தொழிற்சாலை இதைச் செய்கிறது. மலாவி, எத்தியோப்பியாவிலும் செய்கிறார்கள். அங்கேயே வாங்கினால் கடலை போடும் விவசாயிக்கும் காசு, அரைக்கும் பெண்ணுக்கும் வேலை.

தொலைவிலிருந்து வருவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று 2025ல் பார்த்தோம். உலகில் வாங்கப்படும் இந்தப் பசையில் ஏறக்குறைய பாதிக்கு அமெரிக்க அரசுதான் பணம் கொடுத்துவந்தது. ஜனவரியில் அந்த உதவியை நிறுத்தி வைத்ததும் அமெரிக்கத் தொழிற்சாலைக் கிடங்குகளில் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. ஒரு பெட்டியில் 150 பாக்கெட், விலை சுமார் 50 டாலர். ஒரு பிள்ளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தேறிவருவதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை.

பெரியம்மா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கணக்கு எண் யாருடையது என்று தேடினேன், கிடைக்கவில்லை. இனி அதில் போட வேண்டாம். அடுத்த தடவை யாராவது கேட்டால் மூன்று விஷயம் கேளுங்கள். அம்மாக்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? வாங்கும் பொருளில் எவ்வளவு அந்த ஊரில் விளைந்தது? அடுத்த வருஷம் ஜூனிலும் அங்கே இருப்பீர்களா? நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்கிறவர்களுக்கு மாசம் 50 ரூபாயானாலும் விடாமல் அனுப்புங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அந்தப் படத்தை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதை எடுக்கும்போது அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.