அரிட்டாபட்டிக்குக் காவல் இருப்பவர்கள்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் இடப்புறம் பிரிந்து போனால், நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் அரிட்டாபட்டி இருக்கிறது. அங்குள்ள கழிஞ்சமலையில், இயற்கையான குகைத்தளம் ஒன்றின் நெற்றியில், 'நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நெல்வெளியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் இந்தக் குகையைக் கொடுத்தான் என்பது அதன் பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டப்பட்ட எழுத்து. 'முழாகை' என்ற சொல்லில் குகையைக் குறிக்கும் நம் 'முழை' அப்படியே கிடக்கிறது. அதே மலையில் இலஞ்சிவேள் என்பவனின் பெயரைச் சொல்லும் இன்னொரு தமிழிக் கல்வெட்டு 2003இல்தான் கண்டறியப்பட்டது. ஈராயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருந்த எழுத்து, நம் காலத்தில் படிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அது சிதையாமல் இருந்ததற்கு யார் காரணம் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

அந்த மலையில் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அருகில் ஒரு தீர்த்தங்கரர் திருமேனி புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அதன் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு மலையைத் 'திருப்பிணையன் மலை' என்கிறது. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவர் என்கிறது. அதற்குப் பாதிரிக்குடியார் காவல் என்றும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்பத்தைச் செய்து முடித்தவர்கள், அதைக் காக்கும் பொறுப்பை ஊராரிடம் ஒப்படைத்து, அந்த ஒப்படைப்பையும் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறை என்ற ஒன்று இல்லாத காலத்தில் ஊர்தான் துறையாக இருந்திருக்கிறது. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அரிட்டாபட்டியை என்னால் ஒரு சுற்றுலா இடமாகப் பார்க்க முடியவில்லை.

தமிழகத்தின் பல ஊர்களில் இத்தகைய கற்படுக்கைகளை மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். அரிட்டாபட்டியில் முற்காலப் பாண்டியர் எடுத்த சிவன் குடைவரையை ஊர்க்காரர்கள் 'இடைச்சி மண்டபம்' என்று சொல்கிறார்கள். அதன் முகப்பில் ஒருபுறம் பிள்ளையாரும் மறுபுறம் இலகுலீசரும் இருக்கிறார்கள். பாசுபத சைவத்தின் ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழகத்தில் அரிது. படித்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் திருத்தத் தொடங்குகிறோம். பாண்டவர்கள் இங்கு வரவில்லை, இது இடைச்சி கட்டியது அல்ல, இன்ன நூற்றாண்டு, இன்ன சமயம் என்கிறோம். திருத்தம் சரிதான், ஆய்வாளர்களின் உழைப்பு இல்லையென்றால் நெல்வெளியின் செழியன் இன்றைக்கும் ஊமையாகத்தான் இருந்திருப்பான். ஆனால் பாண்டவர் படுத்த இடம் என்று நம்பியதால்தான் அந்தக் கல்லின் மேல் செருப்புக் காலோடு ஏற மக்கள் தயங்கினார்கள்; இடைச்சி என்று ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்துச் சொன்னதால்தான் அந்த மண்டபம் அவர்கள் வீட்டுப் பேச்சில் இடம்பிடித்தது. பிழையான கதை ஒன்று மெய்யான கல்லைக் காத்திருக்கிறது. இனிமேல் நாம் சரியான கதையைச் சொல்லும்போது அந்தப் பழைய பெயரைத் துடைத்துவிடாமல் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஊர்ப் பெயரே ஆவணமாக நிற்பதற்கும் அருகிலேயே சான்று இருக்கிறது. பக்கத்தில் மீனாட்சிபுரம் மலையில் உள்ள மாங்குளம் கல்வெட்டுகளை 1882இலேயே ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பார்த்திருக்கிறார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், கணி நந்தாசிரியன் என்ற துறவியின் பெயரும், 'வெள்ளறை நிகமத்தார்' என்ற வணிகக் குழுவின் பெயரும் அவற்றில் வருகின்றன. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வணிகர்கள் போய்விட்டார்கள், எழுத்து மாறிவிட்டது, சமயம் மாறிவிட்டது. ஊரின் பெயர் மட்டும் வாய்க்கு வாய் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த ஊரும் ஒரு காரணம். எங்கள் கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில், எழுத்து வெட்டிய ஒரு கல் நின்றது. சிறுவயதில் அதன் மேல் துண்டை உலர்த்தியிருக்கிறேன். மடையைப் புதுப்பிக்கும் பணி நடந்தபோது அந்தக் கல்லும் சுவரோடு சேர்ந்து சிமெண்டுக்குள் போய்விட்டது. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது என்ன கல் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி ஒரு கதைகூட எங்களிடம் இல்லை. கதை இருந்திருந்தால் ஒரு கிழவியாவது 'அதைத் தொடாதே' என்று குரல் கொடுத்திருப்பாள்.

அரிட்டாபட்டியில் அந்தக் குரல் இருந்தது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் மலைகளை அடியோடு அறுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரார் தங்கள் மலைக்குக் குவாரி வராமல் தடுத்து நின்றார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு மலைகள், 72 கண்மாய்கள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி என்று அந்த அறிவிப்பு பட்டியலிட்டது. சரியாக ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், இவ்வூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுப்பதற்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நாள்களில் நான் கவனித்தது ஒன்று உண்டு. மந்தையில் கூடியிருந்த பெண்கள் வயலையும் மாட்டையும் பற்றி மட்டும் பேசவில்லை. தமிழிக் கல்வெட்டு என்றார்கள், குடைவரை என்றார்கள், ஆனைகொண்டான் கண்மாய் என்றார்கள். எங்கள் மலை எத்தனை ஆண்டுப் பழமையானது தெரியுமா என்று ஒலிவாங்கியை நீட்டியவரிடமே திருப்பிக் கேட்டார்கள். பல ஆண்டுகளாக அந்த ஊர் இளைஞர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் மலையைச் சுற்றிக்காட்டி, ஆய்வாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வீடுவீடாகச் சொல்லிவந்ததன் பலன் அது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த ஊரை எளிதில் 'வெறும் பாறை நிலம்' என்று காகிதத்தில் எழுதிவிட முடியாது.

இப்போது ஆபத்து வேறு வழியில் வருகிறது. பெயர் பரவியதால் கூட்டம் வருகிறது. ஞெகிழிக் குப்பை சுனைக்குள் விழுகிறது. ஊரின் பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போகிறார்கள், அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அதே பதிவேட்டில் இன்னும் சில பக்கங்களைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கண்மாயின் பெயர், ஒவ்வொரு மடையின் பெயர், கலுங்கின் பெயர், கோயில் காட்டின் எல்லை, எழுத்துள்ள கல் இருக்கும் இடம், அதைப் பற்றி ஊர் சொல்லும் கதை ஆகியவை அதில் ஏற வேண்டும். ஊராரே எழுத வேண்டும். கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். துறை அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனால் அது இன்னொரு கோப்பாகிவிடும்.

சென்ற மாதம் எங்கள் ஊரில் இதைத் தொடங்கினேன். எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியப்பாவை மடைக் கரையில் உட்காரவைத்து, நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். ஒரே கண்மாய்க்குப் பதினொரு மடைகளின் பெயரைச் சொன்னார். நான்கு பெயர்களை நான் அதுவரை கேட்டதே இல்லை. சிமெண்டுக்குள் போன கல்லைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மடைக்கு 'எழுத்துக்கல் மடை' என்றுதான் பெயர் என்றார். பன்னிரண்டாவதாக அதையும் எழுதிக்கொண்டேன்.