இக்கிகாயும் நாலு வட்டமும்: ஒரு திருத்தம்

“நாலு வட்டமும் சந்திக்கிற இடம்தான் ஜப்பானியரின் இக்கிகாய், அதுக்குள்ளே வராத வேலையை விடுங்கோ” என்று எழுதின அண்ணா, அது பிழை. இக்கிகாய் எண்டால் வாழ்றதுக்குப் பிடிப்புத் தாற விஷயம். பிடிச்சது, திறமையானது, உலகத்துக்குத் தேவையானது, காசு தாறது என்ற அந்த நாலு வட்டப் படம் ஜப்பானில் பிறந்ததில்லை. ஸ்பெயினின் சோதிடர் அன்ட்ரெஸ் சுசுனாகா 2011 அளவில் ‘நோக்கம்’ என்று வரைந்தது. 2014இல் மார்க் வின் என்பவர் வலைப்பதிவொன்றில் நடுச் சொல்லை ‘இக்கிகாய்’ என்று மாற்றிப் போட்டார். ஜப்பானியருக்கு அது சம்பளத்தோடு கட்டுப்பட்ட சொல் இல்லை. விடியப் பூக்கண்டுக்குத் தண்ணி விடுறதும் இக்கிகாயாகலாம்.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு இந்தப் படத்தை நிரப்பப் பார்த்து, காசு வட்டம் வெறுமையாகக் கிடக்குதெண்டு எந்தப் பிள்ளையும் மனம் உடையக் கூடாது.

அந்தப் படத்துக்குப் பதிலா உங்கட விழுமியத்தை, அதாவது வாழ்க்கையில் உங்களுக்கு எது முக்கியமெண்டதை, தேடுறதெண்டால் கொப்பித்தாளை 30 துண்டாக வெட்டுங்கோ. துண்டுக்கு ஒரு சொல்: பாதுகாப்பு, சுதந்திரம், மதிப்பு, குடும்பம், அறிவு, இப்படி. அதை 10 ஆக்கி, பிறகு 5 ஆக்குங்கோ. கடைசிச் சுற்றில் எந்தத் துண்டை விடக் கை தயங்குதோ, அதைக் குறிச்சு வையுங்கோ. பெற்றோர் பக்கத்தில் இருக்கேக்கை அடுக்க வேண்டாம். அவைக்குப் பிடிச்சதுதான் மேலே வரும்.

அடுத்த 2 கிழமை நேரமும் காசும் எங்கே போகுதெண்டு எழுதி, அந்த 5 துண்டோடு ஒப்பிடுங்கோ. பாதுகாப்பும் சுதந்திரமும் இரண்டுமே மேலே நிண்டால் பயப்பட வேண்டாம். உளவியலாளர் ஷலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் வகுத்த 10 விழுமியங்களில் பாதுகாப்பும் சுயமாகத் தீர்மானிக்கிறதும் எதிரெதிர்ப் பக்கம். அரச வேலையா சொந்தத் தொழிலா என்ற இழுபறி அங்கேயிருந்துதான் வருகுது.