வகிட்டில் அப்பிய குங்குமம்

போன பொங்கலன்று தலைவாரும்போதுதான் கவனித்தேன். வகிட்டில் எப்போதும் கோடாக நிற்கும் குங்குமம் பட்டையாக அப்பியிருந்தது. குங்குமம் கூடவில்லை, வகிடுதான் அகலமாகியிருந்தது. எனக்கு வயது 49. பீரியட்ஸ் நின்று ஒன்றரை வருடம்.

வெளியே சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமியார் போர்த் தண்ணீர் என்றார். நாத்தனார் சீயக்காய்க்கு மாறச் சொன்னாள். பார்லரில் ஆறாயிரம் ரூபாய் பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டினார்கள் (இருக்கிற கொஞ்சம் முடியிலும்!). பீரியட்ஸ் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது முடி வளரும் காலம் சுருங்கிவிடுகிறது, புதிதாக முளைப்பதும் மெலிந்தே முளைக்கிறது. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் கை ஓங்குவதால் தலையில் மெலிவது மோவாயில் தடித்து வரும். பஸ்ஸில் மோவாயைத் தாங்கி உட்கார்ந்திருந்தபோது விரலில் கம்பி மாதிரி ஒன்று தட்டுப்பட்டதே, அது இதுதானா!

ராத்திரியானால் கெண்டைக்காலில் எறும்பு ஊர்வதுபோல் அரிப்பு. மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையை இரண்டு முறை வெயிலில் போட்டேன். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை, தோல் வறண்டு மெலிந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் புரதம் சுமார் 30 சதவீதம் குறையுமாம். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டு, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவத் தொடங்கியதும் அரிப்பு பாதியானது.

எல்லாப் பழியையும் மெனோபாஸ் மேல் போடவும் கூடாது. தைராய்டு, ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது) இரண்டும் பார்க்கச் சொன்னார் டாக்டர். நானாக வாங்கி விழுங்கிய பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தைராய்டு ரிசல்ட்டையே குழப்பும் என்பதால் அதை நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருந்தது, இரும்புச்சத்துதான் குறைவு. அதற்கு மாத்திரை, தலைக்கு முடி வளர மினாக்ஸிடில் என்ற மருந்து. ஆரம்பத்தில் முடி இன்னும் கொட்டும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டார். கொட்டியது. பயந்தேன்.

வயசுக்கு வந்தபோது பந்தல் போட்டு, தெருவையே கூட்டி, பதினைந்து நாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டினார்கள். அது நின்றபோது வீட்டுக்காரரிடம் சொல்லவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. "இனிமே யாரு பார்க்கப்போறா" என்று கண்ணாடி முன்னால் சொல்லும் பேச்சு எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஏன், நான் பார்க்கிறேனே.

நாத்தனாருக்கு 46. போன வாரம் பூ வைத்துவிடும்போது அவள் வகிட்டையும் பார்த்தேன். சீயக்காய்ப் பேச்சை எடுக்கவில்லை. பீரியட்ஸ் மாதாமாதம் சரியாக வருகிறதா என்று கேட்டேன்.