40 டிரெய்னருக்கு 60 என்ஜின் வேண்டாம்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களில், புதிதாகக் கற்பவர் ஓட்டுவதைத்தான் டிரெய்னர் என்கிறோம். “40 சைஸ் டிரெய்னரில் 60 என்ஜின் போடுங்கள், புதியவருக்கு அதுதான் பாதுகாப்பு, வேண்டாதபோது திராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம்” என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். யாரும் இதை நம்பி வாங்கிவிடாதீர்கள். திராட்டிலைக் குறைத்தால் சக்திதான் குறையும், எடை குறையாது.

40 என்பது என்ஜினின் கொள்ளளவு: 0.40 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 சிசி. 60 என்றால் கிட்டத்தட்ட 10 சிசி. கூடுதல் எடை முழுவதும் மூக்கில் உட்காரும். அதைச் சமன் செய்ய வாலில் ஈயம் வைப்பீர்கள், மொத்த எடை இன்னும் ஏறும். இறக்கை அதேதான், ஆகவே ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) கூடும், வேகமாகத்தான் தரையிறக்க வேண்டிவரும். கற்றுக்கொள்பவர் தடுமாறுவதே அந்த இடத்தில்தானே! அப்புறம் 12 அங்குல புரொப்பெல்லர் வேறு. புல் தரையில் நுனி உரசும்.

டூ-ஸ்ட்ரோக்கில் 40 அல்லது 46 போதும். 46-க்கு 11×6 (விட்டம் 11 அங்குலம், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 6 அங்குலம்) புரொப்பெல்லர் நன்றாகப் பொருந்தும். ஃபோர்-ஸ்ட்ரோக் ஆசை இருந்தால் 52 வாங்கலாம்; அதே கொள்ளளவில் அதற்குச் சக்தி குறைவு என்பதால்தான் எண் சற்றுப் பெரியது. எதை வாங்கினாலும் முதல் சில டேங்க் எரிபொருளை ரிச்சாக (கலவையில் எரிபொருள் கூடுதலாக) வைத்து ஓட்டுங்கள். லீனாக (எரிபொருள் குறைவாக) ஓட்டிச் சூடேறிய புது என்ஜின் டேக்-ஆஃபிலேயே நின்றுபோகும்.